ஈரலில் சேர்ந்த மாவு

எனக்கு ஊரில் மாவுக்காரி என்றுதான் பேர். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் மலாக்கா கஜா பெராங்கில் தோசை மாவு ஆட்டி விற்றுக்கொண்டிருந்தேன். காலையில் பாத்திரத்தோடு வந்து நிற்கிறவர்கள் வாங்கினோமா போனோமா என்று இருக்க வேண்டும். மாவு புளித்துவிட்டது என்று எவளாவது மூக்கைச் சுளித்தால், உன் மாமியார் மூஞ்சியைவிடவா என்று கேட்டுவிடுவேன். அந்த வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் நல்ல மாவு என்று சொல்லி வாங்கிப் போனார்கள். அதனால்தான் மாவு என்கிற அந்தச் சொல் எங்கள் வீட்டு மேலேயே வந்து விழுந்தபோது ஊருக்கு அவ்வளவு கொண்டாட்டம்.

என் வீட்டுக்காரர் ரப்பர்க் கடையில் மூட்டை தூக்கினார். ரப்பர்க் கட்டைச் சுற்றிப் போடும் இரும்புப் பட்டை ஒரு நாள் தெறித்து வந்து முழங்காலுக்குக் கீழே எலும்புவரை வெட்டிவிட்டது. அந்தப் புண் ஆறவே இல்லை. மேலே மூடும், உள்ளே சீழ் வைக்கும், மறுபடி உடைந்து ஒழுகும். வருஷக்கணக்காக அந்தக் காலுக்குத் துணி சுற்றிச் சுற்றி எங்கள் வீட்டில் கிழிபடாத வேட்டியே கிடையாது. ஜப்பான்காரன் வந்த பிறகு காலோடு போகாமல் வயிறும் பெருக்க ஆரம்பித்தது. ஊரே எலும்பும் தோலுமாய் அலைகிற நேரத்தில் ஒருத்தர் மட்டும் தொப்பையோடு தாங்கித் தாங்கி நடந்தால் பார்க்கிறவர்கள் வயிறு எரியாதா?

அந்த வீட்டில் என்ன இருந்தது என்று எனக்குத்தானே தெரியும். அரிசியைக் கண்ணால் பார்த்தே வெகுநாளாகியிருந்தது. பத்து பெரெண்டாம் பக்கம் கொஞ்சம் நிலத்தில் மரவள்ளி போட்டிருந்தோம். காலையில் மரவள்ளி அவியல், மத்தியானம் மரவள்ளிக் களி, ராத்திரி மரவள்ளி ரொட்டி. உளுந்து ஆட்டிய ஆட்டுக்கல்லில் காய்ந்த கிழங்கைப் போட்டு இடித்துக்கொண்டிருந்தேன். இதைத் தின்று தொப்பை போட முடியும் என்றால் மலாக்காவில் எல்லாருமே செட்டியார் மாதிரி இருந்திருக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். ரயில் பாதை போடுகிறார்களாம். லாரி வரும், ஆம்பிளைகளை ஏற்றும், போகும். போனவர்களிடமிருந்து நல்லதோ கெட்டதோ ஒரு சேதி கிடையாது. எங்கள் வட்டாரத்தில் இதற்கு ஆள் காட்டிக் கொடுத்தவர் முன்னாளில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் துரையைப் பார்த்துச் சல்யூட் அடித்தார், ஜப்பான்காரன் காலத்தில் இடுப்பை மடக்கிக் கும்பிட்டார். வேறு எந்த மாற்றமும் அவரிடம் இல்லை.

ஒரு நாள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஒங்க வீட்டுக்காரரு அடுத்த லாரில போறாரு. பேரு குடுத்தாச்சு."

"கிராணியாரே, கண்ணு அவிஞ்சு போச்சா? சீழ் வடியுற கால வெச்சுக்கிட்டு அந்த மனுஷன் எங்க போவாரு?"

"ஒக்காந்துக்கிட்டே கல்லு ஒடைக்கலாம். சாப்பாடு குடுக்குறான், துணி குடுக்குறான்."

"அம்புட்டு சொகமான வேலன்னா நீங்க போறதுதானே?"

அவர் முகம் கறுத்துப்போனது. "ஆஸ்பத்திரியில ஜப்பான் டாக்டரு ஆகாதுன்னு சொன்னாதான் விடுவாங்க. அவரு சொல்ல மாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்ல மாட்டார் என்றால் சொல்ல வைக்கிறேன் என்று மறுநாளே என் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே எங்கள் தெருக்காரர் ஒருவர் டிரெசராக இருந்தார். ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது, டாக்டர் பேசும் அரைகுறை இங்கிலீஷைத் தமிழில் சொல்வது எல்லாம் அவர்தான். பாதி டாக்டர் என்று அவருக்கே நினைப்பு. மீதிப் பாதியைப் பற்றி நான் கேட்டதில்லை.

ஜப்பான் டாக்டர் ஆராய்ச்சிக்காரர். உயிரோடு இருக்கிறவர்களிடம் அவருக்கு அவ்வளவு ஈடுபாடு கிடையாது. சயரோகத்திலும் ஆறாத புண்ணிலும் செத்துப்போனவர்களின் ஈரல், மண்ணீரலை வெட்டி எடுத்து, மேலே ஐயோடின் ஊற்றிப் பார்ப்பாராம். சிலருடைய ஈரல் பழுப்பாய்ச் சிவக்குமாம். சிவந்துவிட்டால் அன்றைக்கு டாக்டர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிவார் என்று டிரெசரே சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் புண்ணுக்குப் போட ஒரு சொட்டு ஐயோடின் கேட்டபோது இல்லை என்று கையை விரித்த ஆஸ்பத்திரி அது. செத்தவன் ஈரலுக்கு மட்டும் ஒரு போத்தல் நிறைய இருந்திருக்கிறது.

டாக்டர் முதலில் காலைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு வயிற்றில் கை வைத்து வலப்பக்கம் அழுத்தினார், இடப்பக்கம் அழுத்தினார். அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டதுபோல ஆகிவிட்டார். "அமிலாய்ட்! அமிலாய்ட்!" என்று என் வீட்டுக்காரர் தோளைத் தட்டினார். இந்த மனுஷரும் ஏதோ நல்ல விஷயம் என்று நினைத்துக்கொண்டு பதிலுக்குத் தலையாட்டினார்.

"அண்ணே, என்னா சொல்றாரு?"

டிரெசருக்கும் அந்தச் சொல் புரியவில்லை. திருப்பிக் கேட்டார். டாக்டர் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். டிரெசர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, ஒன் வீட்டுக்காரருக்கு ஈரல்ல மாவு சேந்துபோச்சு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யாருகிட்ட வெளாடுறீங்க? நான் மாவு விக்கிறேன்னு கிண்டலா?"

"சத்தியமா டாக்டரு அப்பிடித்தான் சொல்றாரு. மாவு மாதிரி ஒண்ணு. ரொம்ப வருஷமா சீழ் இருந்தா வருமாம்."

"சயாமுக்குப் போவலாமா, கூடாதா? அதக் கேளுங்க மொதல்ல."

டாக்டர் யோசிக்காமலே பதில் சொன்னார். உள்ளே இருப்பது அதுதானா என்று உறுதியாகத் தெரிந்தால் எங்கேயும் அனுப்ப மாட்டார், சோதனை செய்ய மருந்து வரவேண்டும், வந்ததும் கூப்பிடுவார். ஆக லாரி முந்துமா மருந்து முந்துமா என்பதில் எங்கள் குடும்பம் தொங்கிக்கொண்டிருந்தது.

டிரெசர் வாயில் ஒன்று தங்குமா? நாங்கள் வீடு வந்து சேருவதற்குள் கஜா பெராங் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாவுக்காரி புருஷனுக்கு ஈரலில் மாவு! மரவள்ளி மாவுதான் போய் அடைத்துக்கொண்டது என்று ஒரு கூட்டம் கிழங்கு தின்னவே பயந்தது. அதைத் தின்னாமல் வேறு எதைத் தின்பதாக இருந்தார்களோ தெரியவில்லை. ஒருத்தி வந்து வெந்நீர் மட்டும் கொடு, கரைந்து வந்துவிடும் என்றாள். இன்னொருத்தி ரொம்ப அக்கறையாக, "புளிச்சு பொங்கிடாம பாத்துக்கக்கா" என்றாள். பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மா தலைமுறை தலைமுறையாக மலாய் பேசியே பழகிய மலாக்காத் தமிழ் வம்சம், தமிழ் வராது. அவருக்கு யாரோ மலாயில் மாவு, வயிறு என்று சொல்லிவைக்க, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "அடோய், பெருட் தெப்போங்!", ஐயோ மாவு வயிறு, என்று தன் வயிற்றையே தடவிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, எல்லாவற்றுக்கும் சிரிப்பார். "புள்ள, பசிச்சா சொல்லு, கொஞ்சம் சொரண்டித் தாரேன்" என்பார். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு ஆத்திரம் வரும். பாத்திரங்கள் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

சிரிப்பு அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மாவு சேர்ந்துபோச்சு என்ற பேச்சு நாலு வாய் மாறியதில் ஈரல் எங்கேயோ விழுந்துவிட்டது. மாவுக்காரி வீட்டில் மாவு சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று ஆகிவிட்டது. சாப்பாட்டுச் சாமானைப் பதுக்கினால் ஜப்பான்காரன் என்ன செய்வான் என்று எல்லாருக்கும் தெரியும். யார் போய்ச் சொன்னது என்று நான் விசாரிக்கவில்லை. ஜப்பான் சிப்பாய்கள் இரண்டு பேர் உள்ளூர்ப் போலீஸ்காரரோடு வந்து இறங்கியபோது, பின்னாலேயே கிராணியார் வந்தாரே, அது போதாதா?

வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். பானையில் கொஞ்சம் மரவள்ளி மாவு இருந்தது. அது போதாதென்று ஆட்டுக்கல்லைப் பெயர்த்து அதன் அடியில் தோண்டினார்கள். ஒரு சிப்பாய் என் வீட்டுக்காரரைக் கன்னத்தில் அறைந்து மலாயில் கத்தினான். மாவு எங்கே? இவர் கீழே விழுந்தவர் எழுந்து உட்கார்ந்தார். வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

"இங்கதான் இருக்கு, தொவான்."

அந்தப் படுபாவி துப்பாக்கிக் கத்தியை அந்த வயிற்றில் கொண்டுபோய் வைத்தான். கெட்டது அவருடைய ஈரல், நடுங்கியது என்னுடைய ஈரக்குலை. ஓடிப்போய் நடுவில் விழுந்தேன். "ஆஸ்பத்திரி! டாக்டர்! நிப்போன் டாக்டர்!" என்று கத்தினேன். போலீஸ்காரர் நல்ல மனுஷர், அதை அவர்களுக்குப் புரியவைத்தார். தங்கள் டாக்டர் பேர் வந்ததும் சிப்பாய் கத்தியை எடுத்தான். கிராணியார் உட்பட எல்லோருமாக ஊர்வலம்போல ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டருக்கு வந்தது கோபம். சிப்பாய்களிடம் ஜப்பான் மொழியில் கத்தினார், டிரெசரிடம் இங்கிலீஷில் கத்தினார். டிரெசர் வியர்த்து வழிந்து என்னிடம் வந்தார்.

"அது மாவே இல்லியாம், தங்கச்சி. முட்ட வெள்ளக்கரு இருக்கில்ல, அந்தச் சாதியாம்."

"நீங்கதானே மாவுன்னீங்க?"

"அவருதான் மாவு மாதிரின்னாரு. ஐயோடின்ல நெறம் மாறுனதப் பாத்துட்டு ரொம்ப காலத்துக்கு முன்ன யாரோ ஒரு பெரிய டாக்டரு மாவுன்னு நெனச்சிட்டாராம். அந்த அமிலாய்ட்டுக்கு அர்த்தமே அதானாம். பின்னாடி தப்புன்னு தெரிஞ்சிருச்சாம். பேர மட்டும் மாத்தலியாம்."

எனக்கு வந்த எரிச்சலில் இடம் பொருள் எல்லாம் மறந்துபோனது. "நல்லா இருக்கே ஞாயம்! பெரிய டாக்டரு தப்பா பேரு வெச்சா அதப் படிச்சு பாஸ் பண்றீங்க. நீங்க அதத் தமிழ்ல சொன்னா என் வீட்டுல வந்து குழி தோண்டுறாங்க!" என்றேன். டிரெசர் அதை மொழிபெயர்க்கவில்லை. முட்டை என்று சொன்னதைக் கேட்டுக் கிராணியார் கோழிக்கூண்டைத் தேடப் போகாமல் இருந்தாரே, அதுவரைக்கும் புண்ணியம்.

ஆனால் அவர் லேசில் விடவில்லை. குனிந்து குனிந்து, டிரெசரை விட்டு டாக்டரிடம் சொல்லவைத்தார். வீட்டிலும் மாவு இல்லை, ஈரலிலும் மாவு இல்லை என்றால் இந்த ஆள் நடிக்கிறான், லாரிக்குப் பயந்து புருஷனும் பெண்டாட்டியும் ஆடுகிற நாடகம். சிப்பாய்களுக்கும் அது சரியாகப் பட்டது. டாக்டர் கையை உயர்த்தினார். மருந்து வந்துவிட்டது, நாளைக்குச் சோதனை. சிவப்புச் சாயத்தை நரம்பில் ஏற்றுவார். ஈரலில் அந்தச் சனியன் இருந்தால் சாயத்தை இழுத்துக்கொள்ளும், ரத்தத்தில் நிற்காது. இல்லாவிட்டால் சாயம் ரத்தத்திலேயே நிற்கும். நின்றால் ஆள் லாரியில்.

திரும்பி வரும்போது ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குள் போனேன். அர்ச்சனை யாருக்கு என்று குருக்கள் கேட்டார். வீட்டுக்காரருக்கு என்றேன். "தேக ஆரோக்கியத்துக்கு, அப்படித்தானே?" என்றார். வாய்வரை வந்துவிட்டது, இல்லை சாமி, ஈரல் கெட்டுத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள் என்று. பேர் நட்சத்திரம் மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் கும்பிட்டேன். பிள்ளையாரப்பா, அவர் ஈரலில் அது இருக்க வேண்டும், நிறைய இருக்க வேண்டும், சாயத்தைச் சொட்டு விடாமல் குடிக்க வேண்டும். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு புருஷனுக்கு வியாதி கேட்டவள் அந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்படிக் கேட்க வைத்தார்களே என்று அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் சாயத்தை ஏற்றினார்கள். ஊசி உள்ளே போகும்போது இவர் டிரெசரைப் பார்த்து, "ஏண்ணே, நம்ம ரத்தம் இவருக்குச் செவப்பு பத்தலியா?" என்று கேட்டார். உடனே கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்தார்கள். காத்திருக்கச் சொல்லிவிட்டு, மறுபடி எடுத்து இன்னொரு குழாயில் வைத்தார்கள். ரத்தம் அடியில் உறைந்து மேலே தெளிந்த தண்ணீர் நிற்க வேண்டுமாம், அந்தத் தண்ணீரின் நிறம்தான் கணக்காம். நான் வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரில் கிராணியார் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரை எத்தனை விதமாகத் திட்டலாம் என்று மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்ததில் நேரம் போனது.

டிரெசர் ஓடி வந்தார். "தங்கச்சி, பாஸ்! மொதக் கொழா நல்ல செவப்பு. ரெண்டாவதுல ஒண்ணுமே இல்ல, வெளுத்துப்போச்சு! டாக்டரு இந்த மாதிரி பாத்ததே இல்லியாம்!"

பின்னாலேயே டாக்டர் வந்தார். கிராணியாரிடம் ஏதோ சொல்லி வாசலைக் காட்டினார். டிரெசர் குரலை உயர்த்தி எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார். இந்த ஆளை யாரும் எங்கேயும் கொண்டுபோகக் கூடாது, தொடக்கூடாது, இவர் டாக்டருடைய ஆள். கிராணியார் எழுந்து இடுப்பை மடக்கினார். நான் துள்ளிவிட்டேன். "போங்க கிராணியாரே, போயி நீங்களே லாரில ஏறி ஒக்காருங்க!" என்று வராந்தா அதிரக் கத்தினேன். அப்படி ஒரு சந்தோஷம்.

டிரெசர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஒண்ணு இருக்கு, தங்கச்சி. அந்த நேரம் வந்தா, ஒடனே எங்களுக்குச் சொல்லியனுப்பணும். டாக்டரு ஈரலப் பாக்கணும்ல."

"எந்த நேரம்?"

அவர் வெளியே என் வீட்டுக்காரர் இருந்த பக்கம் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சாவு உறுதியானதற்கா இப்படிக் குதித்தேன்? மருந்து இருக்கா என்றேன், இல்லை என்று தலையசைத்தார். சரி என்று தலையாட்டினேன். தலையாட்டக் காசா பணமா?

வெளியே மரத்தடியில் இவர் உட்கார்ந்திருந்தார். ஊசி குத்திய கையை மடக்கிப் பிடித்திருந்தார்.

"பாஸா, பெயிலா?"

"பாஸு."

"அப்ப லாரி?"

"லாரி இல்ல."

"அப்ப உள்ள அது இருக்கு."

"இருக்கு."

"அப்ப நான் செத்துப்போவேன், அதானே?"

தெருவுக்கே பதில் சொல்கிற வாய் எனக்கு. அன்றைக்கு அதில் வந்தது இவ்வளவுதான். "எல்லாரும்தான் சாவாங்க" என்று எரிந்து விழுந்தேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க நம்ம வீட்டுல சாவலாம்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "அது போதும், புள்ள" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

லாரி அந்த வாரமே வந்து போனது, இவர் இல்லாமல். அதற்குப் பிறகு டாக்டர் அடிக்கடி வீட்டுக்கே வருவார். பலாப்பழம் பழுத்துவிட்டதா என்று பார்க்கிறவர் மாதிரி வயிற்றைத் தட்டிப் பார்ப்பார், தலையை ஆட்டிக்கொள்வார், போவார். கால் வீங்கியது, முகம் வீங்கியது, மூத்திரம் குறைந்தது. எதற்கும் மருந்து கொண்டுவந்ததில்லை. ஒரு தடவை இவர் அவரிடம், "இன்னும் இல்ல, தொவான், கோவிச்சுக்காதீங்க" என்று தமிழிலேயே சொன்னார். டாக்டர் மரியாதையாகக் குனிந்து கும்பிட்டுப் போனார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் விடியும்போது என் மடியில் தலை வைத்தபடியே போனார். நான் சத்தம் போட்டு அழவில்லை. அழுதால் தெருவுக்குக் கேட்கும், தெருவுக்குக் கேட்டால் ஆஸ்பத்திரிக்குக் கேட்கும். நம்பிக்கையான நாலு பேரை மட்டும் கூப்பிட்டேன். சிட்டி அம்மா தன் வீட்டு விறகையெல்லாம் வண்டியில் ஏற்றிக் கொடுத்தார். உச்சி வெயில் வருவதற்குள் எரித்து முடித்தோம்.

மத்தியானத்துக்கு மேல் டிரெசர் மூச்சிரைக்க வந்தார். கையில் எனாமல் பேசினும் மூடப் புதுத் துணியும் இருந்தது. என் ஈரத்தலையைப் பார்த்தார், காலியாய்க் கிடந்த பாயைப் பார்த்தார்.

"தங்கச்சி... டாக்டரு கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

"மாவு தீந்துபோச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் பேசினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.